எல்லைக் கிணற்றில் மண்ணெண்ணெய்

எங்கள் கிணற்றின் நடுவால் ஒரு தகரவேலி போனது. வீட்டு வளவைப் பங்கு பிரித்தபோது கிணறு எல்லைக்கோட்டில் அகப்பட்டுக்கொண்டது. பாதிக் கிணறு எங்களுக்கு, பாதிக் கிணறு என் புருஷனின் அக்காவான மச்சாளுக்கு என்று காணி உறுதியில் எழுதினார்கள். யாழ்ப்பாணத்தில் இது புதினமான காரியமில்லை. இரண்டு பக்கமும் இரண்டு கப்பி, இரண்டு கயிறு, இரண்டு வாளி. மேலே வேலி இருந்தாலும் கீழே தண்ணீர் ஒன்றுதான்.

பட்டினத்தில் வீட்டுக்கு வீடு கிணறு இருக்கும். ஆனால் எல்லாக் கிணற்றுத் தண்ணீரையும் வாயில் வைக்க ஏலாது. கடல் கிட்ட என்பதால் பல கிணறுகள் சவர், உப்புக் கரிக்கும். குளிக்கலாம், உடுப்புத் தோய்க்கலாம். தேத்தண்ணீர் போட்டால் திரிந்த பால்போல வாயில் நிற்கும். எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், நல்ல தண்ணீர் இருந்தது எங்கள் கிணற்றில் மட்டும்தான். பின்னேரமானால் ஒழுங்கைச் சனம் குடங்களோடு வரும். எங்களோடு கதை பேச்சு உள்ளவர்கள் எங்கள் படலையால் வருவார்கள். மச்சாளோடு வாரப்பாடானவர்கள் அந்தப் பக்கத்துப் படலையால் போவார்கள். இரண்டு வீட்டிலும் தண்ணீருக்கு ஒருவரையும் மறித்ததில்லை. ஊற்று சிவன் தந்தது, அதை மறிக்க நாங்கள் ஆர் என்றுதான் நான் நினைப்பேன். மச்சாளும் அப்படித்தான் நினைத்திருப்பார். நான் கேட்டதில்லை. நாங்கள்தான் கதைப்பதில்லையே.

கதை நின்றது கக்கூசால். மச்சாள் தன் பின்வளவில் புதிதாகக் கக்கூசுக் குழி வெட்டியபோது, அது கிணற்றுக்குக் கிட்ட வந்துவிட்டது என்று இவர் நூல் பிடித்து அளந்து பார்த்தார். அளந்ததோடு நிற்காமல் ஒழுங்கை முழுக்கக் கேட்கும்படி சொல்லியும்விட்டார்.

"தம்பி என்ரை கக்கூசை அளக்கிறான்! வளர்த்துவிட்டதுக்கு நல்ல மரியாதை!" என்று மச்சாள் ஒழுங்கையில் நின்று சத்தம் போட்டார். அடுத்த கிழமை ஆள் பிடித்துக் கிணற்றுக்கு மேலால் தகரம் அடித்துவிட்டார். முதல் இருந்தது இடுப்பளவு கிடுகுவேலி. அதற்கு மேலால் முகம் தெரியும், கறிவேப்பிலை கை மாறும். தகரம் வந்த பிறகு ஒன்றுமில்லை.

ஆனால் கிணற்றடியில் இரண்டு பொம்பிளைகள் வருஷக்கணக்காக வாய் திறக்காமல் நிற்க முடியுமா? நாங்கள் சாடையாகக் கதைக்கப் பழகினோம். மச்சாள் தன் வாளியோடு கதைப்பார். நான் எங்கள் வாழையோடு கதைப்பேன். ஒருமுறை என் வாளி கயிறறுந்து விழுந்து, மிதந்து அந்தப் பக்கம் போய்விட்டது. அங்காலிருந்து சத்தம் வந்தது.

"வாளியே, பார், உனக்கொரு சோடி வந்திருக்கு. ஆற்றை வாளியோ தெரியேல்லை. கயிறு மாத்தக்கூட வழியில்லாத வீட்டு வாளிபோலை கிடக்கு."

நான் வாழையைப் பார்த்துச் சொன்னேன். "வாழை, அது எங்கடை வாளிதான். பிடிச்சு வைச்சிருக்கிறவை வைச்சிருக்கட்டும். எங்களுக்கு வேறை வாளி இருக்கு."

வேறு வாளி இருக்கவில்லை. அடுத்தநாள் விடிய எங்கள் வாளி தகரத்துக்கு மேலே கொழுவியிருந்தது. அதற்குப் புதுக்கயிறும் கட்டியிருந்தது. மச்சாள் அப்படிப்பட்ட ஆள்.

நான் சொல்லவந்தது சண்டையால் கரண்ட் நின்று இரண்டு வருஷத்துக்குப் பிறகு நடந்தது. மண்ணெண்ணெய், சவுக்காரம், பற்றரி எல்லாம் தடை. வருகிற கொஞ்சமும் சங்கக்கடையில் போத்தல் கணக்கில்தான். ஜாம் போத்தலுக்குள் கொஞ்சப் பஞ்சும் ஒரு திரியும் வைத்து, அதில் சில துளி எண்ணெய் விட்டு எரிப்போம். அதற்கும் வசதி இல்லாத நாட்களில் பொழுதுபட்டதும் படுத்துவிடுவோம். சவுக்காரத்துக்குப் பதில் பனம்பழம் போட்டு உடுப்புத் தோய்த்தோம். மச்சாள் வீட்டில் அந்த ஜாம் போத்தல் வெளிச்சம்கூட ஒருநாளும் கண்டதில்லை. பிள்ளைகள் இரண்டு பேரும் கனடாவில். புருஷன் செத்து எத்தனையோ காலம். பொழுதுபட்டால் வீடு இருண்டு கிடக்கும்.

"பங்கு எண்ணெயை எடுக்கிறா, விளக்கு மட்டும் கொளுத்திறேல்லை. என்ன கசவாரமோ!" என்று இவர் சொல்வார். நானும் கஞ்சத்தனம் என்றுதான் எண்ணியிருந்தேன்.

அந்த ஆவணியில் என் மகளுக்குப் பிள்ளை பிறந்தது. மருமகன் வவுனியாவுக்கு அங்கால் வேலையில் அகப்பட்டுப் பாதையில்லாமல் நின்றார். பிள்ளைப்பெற்ற வீட்டுக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று பொம்பிளைகளுக்குச் சொல்லத் தேவையில்லை. தாய்க்கு இலை அவித்த வேதுத் தண்ணீர், பிள்ளைக்குக் குளிக்கத் தண்ணீர், துணி அலசத் தண்ணீர், காயச்சரக்கு அரைக்கத் தண்ணீர். நாள் முழுக்கக் கப்பி கிரீச்சிட்டபடியே இருக்கும். முப்பத்தொன்றாம் நாள் கழியும்வரை வீட்டுக்குத் துடக்கு, தீட்டு. சாமியறையைப் பூட்டிவைத்திருந்தேன். கோயில் வாசலும் மிதிக்கேலாது. விடிய எழும்பிக் கிணற்றடியில் முகம் கழுவி, கிழக்கே பார்த்துக் கையெடுப்பதோடு சரி.

ஒரு வெள்ளிக்கிழமை விடிய அப்படித்தான் முதல் வாளியை இழுத்துக் கிணற்றுக்கட்டில் வைத்தேன். வெளிச்சம் அப்போதுதான் வந்துகொண்டிருந்தது. வாளித் தண்ணீரின் மேல் நீலமும் பச்சையும் ஊதாவுமாக ஒரு நிறம் விரிந்து அசைந்தது. மயில் கழுத்து நிறம். எனக்கு உடம்பு புல்லரித்தது. சாமியறையைப் பூட்டிவைத்திருக்கிறேனே, வெள்ளிக்கிழமையும் அதுவுமாக முருகன் தேடி வந்துவிட்டானோ என்று "அப்பனே!" என்று இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினேன். கூப்பியபடி நிற்கத்தான் மூக்கில் அடித்தது மண்ணெண்ணெய் மணம்.

கை கீழே இறங்க மறுத்தது. விளக்குக்கு ஒரு துளி இல்லாத ஊரில், குடிக்கிற கிணற்றுக்குள் மண்ணெண்ணெய்! அடுத்த வாளி இழுத்தேன். அதிலும் அந்த நிறம். விரலை நனைத்து மணந்தேன். சந்தேகமில்லை.

அப்போதுதான் நினைவு வந்தது. முதல்நாள் பின்னேரம் பிள்ளையைக் குளிக்கவார்த்துத் தலையைத் துடைத்து உச்சி முகர்ந்தபோது ஒரு மணம் வந்தது. விளக்குப் புகை பட்டிருக்கும் என்று விட்டுவிட்டேன். உள்ளே ஓடினேன். மகள் விடியக் குடிக்கவென்று மூடிவைத்திருந்த மல்லிக்கோப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு இருந்தாள்.

"அம்மா, உதுக்குள்ளை என்ன விட்டனியள்? லாம்பெண்ணெய் மணக்குது."

நான் பிள்ளையின் துணியை விலக்கினேன். முதுகு முழுக்கச் சிவந்து திட்டுத் திட்டாக இருந்தது. மகள் என் முகத்தைப் பார்த்துவிட்டு வீரிட்டாள். பிள்ளையும் வீரிட்டது.

கொஞ்ச நேரத்தில் ஒழுங்கைச் சனம் முழுக்க எங்கள் கிணற்றடியில். ஆளுக்கொரு கதை.

"பொம்பர் பிளேன் ராத்திரி தாழப் பறந்தது. எண்ணெயை ஊத்திப்போட்டுப் போயிருக்கிறான். பிறகு வந்து நெருப்புப் போடுவான், பாருங்கோ" என்றார் முன்வீட்டு அண்ணை.

இவருக்குக் கோபம் வந்தது. "எங்களுக்கு லாம்புக்கே விடாதவன் கிணத்துக்கு ஊத்துவானோ? விசர்க் கதை கதையாதையுங்கோ!"

இன்னொருத்தி நஞ்சு என்றாள். இன்னொருத்தி கலியுகம் என்றாள். இதற்கிடையில் இரண்டு பேர் வீட்டுக்கு ஓடிப்போய்ப் போத்தலும் அகப்பையும் கொண்டுவந்து, வாளித் தண்ணீரில் மிதந்த எண்ணெயை வழித்து எடுக்கத் தொடங்கினார்கள். "வீணாப் போகப்போற சாமான்தானே மாமி" என்றாள் அதில் ஒருத்தி, வழித்தபடியே. தண்ணீருக்கு வந்தவர்கள் எண்ணெயோடு போனார்கள். எனக்குச் சிரிக்கவும் முடியவில்லை, ஏசவும் முடியவில்லை.

அங்காலை மட்டும் ஒரு சத்தமும் இல்லை. இவ்வளவு சனம் கூடியும் மச்சாள் வாளியோடுகூடக் கதைக்கவில்லை. கப்பியும் கிரீச்சிடவில்லை.

வெயில் உச்சிக்கு வந்ததும் இவர் முகம் பார்க்கிற கண்ணாடியை எடுத்துவந்தார். வாளி விழுந்தால் தேடுவதற்கு எங்கள் பக்கத்தில் அப்படித்தான் செய்வது. கிணற்றுக்கட்டில் குனிந்து நின்று வெயிலைக் கண்ணாடியில் பிடித்து உள்ளே அடித்தால், அடிவரை பகல்போலத் தெரியும். வெளிச்சம் எங்கள் பக்கத்துச் சுவரில் இறங்கித் தண்ணீரில் ஊர்ந்து தகரத்துக்குக் கீழால் அந்தப் பக்கம் போனது. அங்கே ஒரு கயிறு தெரிந்தது. கப்பிக் கயிறு இல்லை. கட்டுக்கல்லில் இறுக்கி முடிந்து, நேரே தண்ணீருக்குள் இறங்கின கயிறு. அது இறங்கின இடத்திலிருந்து சின்னச் சின்னக் குமிழியாக ஏதோ மேலே வந்து, மேலே வந்ததும் மயில் நிறமாக விரிந்தது.

இவர் கண்ணாடியை என் கையில் தந்தார். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அந்தச் சொல்லை அவர் வாயால் கேட்டேன்.

"அக்கா!"

இவர் தகரத்தில் தட்டினார்.

"அக்கா, உந்தக் கயித்திலை என்ன கட்டிவைச்சிருக்கிறாய்? இழு வெளியிலை!"

அங்காலை செருப்புச் சத்தம் கேட்டது. கயிறு இறுகியது. மூச்சு வாங்குகிற சத்தம். இழுக்க முடியாமல் திணறுவது தெரிந்தது. இவர் படலையால் சுற்றி ஓடினார். நானும் பின்னால் போனேன். அந்த வளவுக்குள் நான் கால் வைத்து எவ்வளவு காலம்! இரண்டு பேருமாக இழுத்துக் கிணற்றுக்கட்டில் வைத்தார்கள். சாக்கால் சுற்றிய பெரிய தகர எண்ணெய் ரின். மிதக்காமல் இருக்க அதோடு அம்மிக் குழவியைக் கட்டியிருந்தார். சில நாளாக அங்காலை அம்மிச் சத்தம் கேட்காமல் இருந்ததன் காரணம் அப்போதுதான் விளங்கியது.

சாக்கை அவிழ்த்தால் ரின்னின் அடியில் துருப்பிடித்த ஓட்டைகள்.

"சவுக்காரம் வைச்சு அடைச்சனான்" என்றார் மச்சாள் மெல்ல. "ஒரு சொட்டு ஒழுகேல்லை. குசினியிலை எத்தனை மாசம் வைச்சிருந்தனான்."

மண்ணெண்ணெய் ஒழுகினால் ஓட்டையில் சவுக்காரம் அப்புவது எங்கள் ஊரில் எல்லோரும் செய்வதுதான். எண்ணெயில் சவுக்காரம் கரையாது, கல்லுப்போல நிற்கும். அதே சவுக்காரம் கிணற்றுத் தண்ணீருக்குள் எத்தனை நாள் நிற்கும்? மச்சாள் அதை யோசிக்கவில்லை. குண்டு விழுந்தால் எண்ணெயோடு வீடு பற்றிவிடும் என்றுதான் யோசித்திருக்கிறார். புதைத்தால் ஆரும் கிண்டி எடுத்துவிடுவார்கள். கிணற்றுக்குள் நெருப்பும் வராது, கள்ளனும் வரமாட்டான்.

இவருக்குக் கண் சிவந்துவிட்டது. "ஒழுங்கையே குடிக்கிற தண்ணியடி! பச்சைப்பிள்ளை இருக்கிற வீடு! ஒத்தை ஆளுக்கு உவ்வளவு எண்ணெய் என்னத்துக்கு? ஒரு விளக்குக் கொளுத்தியிருப்பியோ நீ? இருட்டுக்குள்ளை இருந்து இருந்து ஆருக்குச் சேத்தனீ?"

மச்சாள் சேலைத் தலைப்பால் ரின்னைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"என்னை எரிக்க."

"என்ன?"

"நான் செத்தா எரிக்க வேணுமெல்லோ? போன மாசம் மேற்கு ஒழுங்கையிலை செத்த மனுசிக்கு எண்ணெய் இல்லாமல் விறகு பிடிக்கேல்லையாம், பாதியிலை நிண்டுபோச்சாம். பிள்ளையள் வரப்போறதில்லை. தம்பி கதைக்கிறதில்லை. ஆற்றை படலையிலை போய் எண்ணெய் கேக்கிறது? நான் செத்துக் கிடந்து கேக்கவும் ஏலாது. எண்ணெயாவது என்ரையாக் கிடக்கட்டும் எண்டு நினைச்சன்."

எங்கள் பக்கத்துக் கட்டில் ஏறி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்த சனம் தலையை இழுத்துக்கொண்டது. இவர் கிணற்றுக்கட்டில் அப்படியே இருந்துவிட்டார்.

எனக்கு வந்த அதிர்ச்சியை எப்படிச் சொல்வது என்று இன்றைக்கும் தெரியவில்லை. கப்பி கிரீச்சிடுகிற தூரத்தில் ஒரு மனுசி இரண்டு வருஷம் இருட்டுக்குள் இருந்து, தன்னை எரிக்கிற எண்ணெயைத் துளித் துளியாகச் சேர்த்திருக்கிறார். அதை எங்கள் குடிதண்ணீருக்குள் கட்டித் தொங்கவும் விட்டிருக்கிறார். நான் வாழையோடு கதைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

அதிர்ச்சியிலும் தாகம் நிற்காது. மகளுக்கும் பிள்ளைக்கும் உடனே தண்ணீர் வேண்டும். மற்றக் கிணறுகள் சவர். நல்ல தண்ணீர் என்றால் பெரிய தெருவுக்கு அங்காலை பிள்ளையார் கோயில் கிணறுதான். குடத்தைத் தூக்கிக்கொண்டு போனவள் கோயில் வீதியில் நின்றுவிட்டேன். துடக்கோடு எப்படிக் கோயில் கிணற்றில் கயிறு பிடிப்பது? அபிஷேகத்துக்கு அள்ளுகிற கிணறு.

"ஆபத்துக்குத் தோஷமில்லை, போய் அள்ளுங்கோ அக்கா" என்றாள் எங்கள் ஒழுங்கைப் பிள்ளை ஒருத்தி. ஐயர் கண்டாலும் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டார். ஆனால் என் கால் போகவில்லை. பேரப்பிள்ளையின் சிவந்த முதுகு ஒரு பக்கம், பிள்ளையார் ஒரு பக்கம். நடுத்தெருவில் வெறுங்குடத்தோடு நின்று அழுதேன்.

பின்னாலிருந்து ஒரு கை வந்து இடுப்பிலிருந்த குடத்தைப் பறித்தது. மச்சாள்.

குடத்தைப் பார்த்துத்தான் சொன்னார். "குடமே, எனக்குத் துடக்கில்லை. நான் வேறை வீட்டுக்குக் கட்டிக்குடுத்தவள். உன்ரை வீட்டுக்காரியை இஞ்சை வெயிலுக்கை நிக்காமல் வீட்டை போகச் சொல்லு. பிள்ளை தனிய."

அன்றிலிருந்து காலையும் பின்னேரமும் மச்சாள் கோயில் கிணற்றிலிருந்து சுமந்தார். எங்கள் படலையடியில் வைத்துவிட்டுக் குடத்தோடு இரண்டு சொல் கதைத்துவிட்டுப் போவார். நல்லெண்ணெய் பூசி நல்ல தண்ணீரில் குளிக்கவார்க்க, பிள்ளையின் முதுகு மெல்ல மெல்ல ஆறியது. ஆனால் ஒரு கிழவி எத்தனை நாள் சுமப்பது? ஒழுங்கையில் எத்தனை வீடு! கிணற்றை இறைத்தே ஆகவேண்டும்.

வாளியால் இறைத்து எண்ணெய் போகாது. சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். தண்ணீர் இறைக்கிற மிசின் வைத்து ஒட்ட இறைக்கவேண்டும். மருதனார்மடத்தில் தோட்டம் செய்கிற, இவருக்குப் பழக்கமான ஒருவர் மிசின் தருவதாகச் சொன்னார்.

"மிசின் தாறன் அண்ணை. எண்ணெய் உங்கடை" என்றார். பிறகு காதைச் சொறிந்துகொண்டு, "கிணத்துக்கை கிடக்கிறதிலை ஓடுமெண்டா நல்லதுதான்" என்று சிரித்தார்.

மண்ணெண்ணெயை அள்ள மண்ணெண்ணெய் வேண்டும். அது ஊரில் இருந்த ஒரே இடம் மச்சாளின் ரின்தான். அரைவாசி மிஞ்சியிருந்தது.

இவர் கேட்கமாட்டேன் என்று நின்றார். "அந்த எண்ணெயைத் தொடமாட்டன். கடை கடையா அலைஞ்செண்டாலும் வேறை எடுப்பன்." அலைந்தார். கிடைக்கவில்லை. ஒருநாள் பின்னேரம் மச்சாளே ரின்னைத் தூக்கிக்கொண்டு எங்கள் படலையைத் தள்ளித் திறந்துகொண்டு வந்தார். ரின்னை முற்றத்தில் வைத்தார். இந்தமுறை வாளியோடும் குடத்தோடும் கதைக்கவில்லை.

"எடு தம்பி."

"வேண்டாம் அக்கா."

"அப்ப உன்ரை பேரப்பிள்ளைக்கு எதைக் குடுக்கப்போறாய்? ஒழுங்கைக்கு எதைக் குடுக்கப்போறாய்? நான் செத்தாப் பிறகு எரிஞ்சா என்ன, பாதியிலை நிண்டா என்ன, எனக்குத் தெரியப்போகுதோ?"

இவர் எழும்பி நின்றார். "அக்கா, இஞ்சை கேள். உனக்கு ஒரு சொட்டு எண்ணெய் வேண்டாம். என்ரை வீட்டுக் கூரை வளையைக் கழட்டி எரிப்பன். வளை, தீராந்தி, கதவு எல்லாம் கழட்டுவன். நிண்டு எரிப்பன்."

மச்சாள் எங்கள் கூரையை அண்ணாந்து பார்த்தார். "அப்ப நான் மாரி மழையிலை சாகேலாது. உன்ரை பெண்சாதி நனைஞ்சுபோவாள்" என்றார்.

கிணற்றைப் பார்க்க வந்திருந்த மிசின்காரர் மட்டும் சிரித்தார். அவருக்கு எங்கள் கதை ஒன்றும் தெரியாது.

மிசினை இறக்கவும் ஆள் இறங்கவும் தகரவேலி இடைஞ்சல் என்று கழற்றினார்கள். தகரம் விலகிய இடத்தில், கிணற்றுக்கு அங்காலை மச்சாள் நின்றார். இவ்வளவு நாளும் குடம் கைமாறியபோது நான் அவர் முகத்தை நேரே பார்க்கத் துணியவில்லை. அன்றுதான் நல்ல வெளிச்சத்தில் பார்த்தேன். தலை பஞ்சாய் வெளுத்து, கன்னம் ஒட்டி, இவருடைய தாயார் கடைசிக் காலத்தில் இருந்ததுபோல இருந்தார். தகரம் அடிக்கும்போது கறுத்தத் தலைமயிரோடு நின்று சத்தம் போட்ட மனுசி அவர். சத்தம் மட்டும் மாறாமல் இருந்ததால் ஆளும் மாறவில்லை என்று நினைத்துவிட்டேன்.

இறைக்கத் தொடங்கும் முன் மிசின்காரர் எல்லோருக்கும் ஒன்று சொன்னார். எங்களுக்கும் தெரிந்ததுதான். நல்ல தண்ணீருக்குக் கீழே உப்புத்தண்ணீர் நிற்கிறது. வெயில் காலத்தில் ஒட்ட இறைத்தால் அது மேலே ஏறிவிடும். ஏறினால் இறங்குமோ தெரியாது. மழை வரும்வரை பொறுக்கலாம், ஆனால் அதுவரை எண்ணெய்க் கிணறு. எண்ணெயா உப்பா? ஒழுங்கைச் சனம் என் முகத்தைப் பார்த்தது. நான் மச்சாளின் முகத்தைப் பார்த்தேன். "இறையுங்கோ" என்றார் மச்சாள்.

சொட்டுப் பெற்றோல் விட்டு மிசின் பிடித்தது. மச்சாள் தன் கையாலேயே ரின்னிலிருந்து எண்ணெய் வார்த்தார். ஒவ்வொருமுறை வார்க்கும்போதும் இவர் வேறு பக்கம் பார்த்தார். தண்ணீர் வாய்க்காலால் பாய்ந்து ஒழுங்கை முழுக்க மயில் நிறமாக ஓடியது. குடிக்கிற தண்ணீர் அப்படித் தெருவில் ஓடுவதைப் பார்க்க வயிறு பற்றி எரிந்தது. அடி தெரிந்ததும் ஆள் இறங்கித் தேங்காய்ப்பொச்சால் சுவரைத் தேய்த்தார். மிசின் இருமி நின்றபோது ரின் வெறுமையாக இருந்தது.

அடுத்தநாள் விடிய ஊற்று ஏறியிருந்தது. மயில் நிறமும் இல்லை, மணமும் இல்லை. இவர்தான் இழுத்தார். மச்சாள் முதலில் கையேந்திக் குடித்தார். எங்கள் ஒருவர் முகத்தையும் பார்க்காமல் இருந்தார். இவர் குடித்துவிட்டு, "நல்ல தண்ணி! பழையபடி நல்ல தண்ணி!" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். நான் வாயில் வைத்தேன். உப்பு. நாக்கின் அடியில் போய்ப் பிடித்த உப்பு. இவரைப் பார்த்தேன். கண்ணால் மறித்தார்.

"ஓம், நல்லாயிருக்கு" என்றேன்.

ஒழுங்கைச் சனமும் குடித்தது. முன்வீட்டு அண்ணை இரண்டு முறை விழுங்கிப் பார்த்தார். "முந்தியைவிட நல்லம்" என்றார் அந்த மனுசன். ஒருவர் வாயிலிருந்தும் உப்பு என்ற சொல் வரவில்லை. அன்றிலிருந்து ஒழுங்கையில் குடம் தூக்கியவர்கள் மச்சாளின் படலையைத் தாண்டாமல் பின்பக்கத்தால் சுற்றிக் கோயில் கிணற்றுக்குப் போனார்கள். பின்னேரத்தில் இரண்டொருவர் வழமைபோல எங்கள் கிணற்றுக்கும் வந்து ஒரு குடம் அள்ளிப் போனார்கள், மச்சாள் காணட்டும் என்று. அதைக் கொண்டுபோய்ப் பூக்கன்றுக்கு ஊற்றியிருப்பார்கள். எனக்கு மட்டும் ஒழுங்கைப் பிள்ளை ஒருத்தி ஒளித்து ஒளித்துக் கோயில் தண்ணீர் கொண்டுவந்து தந்தாள்.

முப்பத்தொன்று கழிந்தது. வீடு மெழுகி, சாமியறை திறந்து, பிள்ளைக்கு அரைஞாண் கட்டினோம். அதற்கு அடுத்தநாள் விடிய, துடக்கில்லாத உடம்போடு, முதன்முதலாக நானே குடத்தை எடுத்துக்கொண்டு பின்பக்கத்தால் சுற்றிக் கோயில் கிணற்றுக்குப் போனேன். நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு கிணற்றடிக்கு வந்தால், அங்கே மச்சாள் கயிறு இழுத்துக்கொண்டு நின்றார். காலடியில் நிரம்பிய குடம்.

நான் திகைத்து நின்றேன். குடத்தை ஒளிக்க இடமில்லை. ஏதாவது சொல்லவேண்டும் என்று, "அபிஷேகத்துக்கு ஒரு குடம்..." என்று தொடங்கினேன்.

"பொய் சொல்லாதை. பிள்ளையார் பாத்துக்கொண்டு நிக்கிறார்" என்றார் மச்சாள். வாளியைக் கிணற்றுக்கட்டில் வைத்தார். "உப்பெண்டு எனக்குத் தெரியாதெண்டு நினைச்சியளோ எல்லாரும்? முதல் வாயிலையே தெரியும். ஒழுங்கை முழுக்க நடிக்குது. தம்பி 'நல்ல தண்ணி நல்ல தண்ணி' எண்டு கத்துறான், சந்தையிலை விக்கிறவன் மாதிரி."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "மழை பெய்ய மாறும் மச்சாள்" என்றேன்.

"ஒரு மாரியிலை மாறாது. ரெண்டு மூண்டு மாரி வேணும்." என் குடத்தை வாங்கித் தன் வாளித் தண்ணீரை அதில் வார்த்தார். "பாப்பம். நிண்டு பாக்கத்தானே வேணும்."

"நிப்பியள்."

"நிக்காமல்? எண்ணெய் முடிஞ்சுபோச்சு" என்றார் மச்சாள். "இனிச் சாகவும் ஏலாது."

குடத்தைத் தூக்கி என் இடுப்பில் வைத்துவிட்டு, தன் குடத்தையும் எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். பின்பக்கத்தால் சுற்றாமல், நேரே ஒழுங்கையால்.